அடுப்படி ஃப்ரெஞ்சு

தெருவில் எல்லோருக்கும் அவர் மிசியேதான். பால் ஊற்றுகிறவர், மூலைக்கடைக்காரர், பல் டாக்டர் வீட்டு வாட்ச்மேன், யாராக இருந்தாலும் மிசியே என்றே கூப்பிட்டார்கள். ஃப்ரெஞ்சில் அதற்கு 'ஐயா' என்று அர்த்தம்; பாதிப் பேர் அதுதான் அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கூரியர்க்காரர் பார்சலோடு வந்து அவருடைய முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, மூலைக்கடைக்காரர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தாம் வகுப்பு வாசகப் புத்தகங்கள் இருந்த அந்தப் பார்சலை வாங்க மிசியே இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். கோபப்படவில்லை. மிசியே என்ற பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அவர் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பிரிவு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு, வரலாறு, அறிவியல் எல்லாமே அங்கே ஃப்ரெஞ்சில்தான். பள்ளிக்கூடத்து ஏட்டில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பெற்றோர்கள் அதை 'முழுக்குப் பிரிவு' என்றார்கள். "எங்க பையன் தமிழுக்கு முழுக்குப் போட்டுட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது. அந்தப் பிரிவில் மொழிப்பாடம், அதாவது வாசிப்பு, கட்டுரை, இலக்கியம், பேச்சு எல்லாம் மிசியேவின் பொறுப்பு. பதினெட்டு வருஷம்.

ஃப்ரெஞ்சு பேசுகிற எந்த ஊரிலும் அவர் கால் வைத்தது கிடையாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் வைத்ததில்லை. அந்த வாத்தியார் ஒரு புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். மிசியே அந்த வாத்தியாரிடமிருந்து கற்றுக்கொண்டவர். ஆனால் எழுத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தால்கூடத் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டுவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீயைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சிவப்புப் பேனா நிற்காது.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொடுக்கிற சீட்டைப் பார்த்து லென்சின் ஓரத்தை இழைத்து ஃப்ரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரும் கண்ணாடித் தூளும் படிகிற கை. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். ஃப்ரெஞ்சில் அவளுக்கு மூன்று வார்த்தை தெரியும். மூன்றையும் புருஷனைக் கேலி செய்யத்தான் பயன்படுத்துவாள்.

மகளுக்குப் பதினைந்து வயது. அவளும் அப்பாவின் வகுப்பில்தான் இருந்தாள். பள்ளியில் மற்றவர்களைப் போல மிசியே என்பாள், வீட்டு வாசலைத் தாண்டியதும் அப்பா என்பாள். அந்த மாற்றத்தில் அவள் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

மகளுக்கு நெருங்கிய சிநேகிதி ஒருத்தி. ஏழாம் வகுப்பில் வருஷ நடுவில் வந்து சேர்ந்ததால் பிள்ளைகள் அவளைப் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாகியும் பெயர் பழசாகவில்லை. புதுசின் அம்மா ஃப்ரெஞ்சு பேசுகிற ஊரில் பதினோரு வருஷம் வீட்டுவேலை செய்தவள். அடுத்தவர் வீட்டில் சமைத்து, துடைத்து, பிள்ளை வளர்த்து, கடைசியில் புருஷன் போனபிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள்.

புதுசு பேச ஆரம்பித்தால் ஃப்ரெஞ்சு குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடும். எழுத்துதான் தகராறு. காதால் கேட்டதை அப்படியே எழுதுவாள். பாதி எழுத்து விட்டுப்போகும். அவள் நோட்டு எப்போதும் சிவப்பாகத்தான் திரும்பி வரும். அந்தப் பிழைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவதில் மிசியேவுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அது சந்தோஷம்தான் என்று அவர் அப்போது ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

அன்றைக்குப் பாடம், ஒரு மனிதனின் முகத்தை எழுத்தில் கொண்டுவருவது. மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்ததால் வகுப்புக்குள் ஈரச் சாக்ஸ் வாடை. மிசியே பலகையில் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். நெற்றி, தாடை, கன்ன எலும்பு, புருவம். புருவத்துக்கான ஃப்ரெஞ்சுச் சொல்லை எழுதும்போது கடைசியில் ஓர் 'ல்' வரும். அதை அவர் சூர்சில் என்று சொல்வார். பதினெட்டு வருஷத்துப் பிள்ளைகளும் அவர் வாயைப் பார்த்துச் சூர்சில் என்றே சொன்னார்கள்.

புதுசை எழுப்பி வாசகப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் சூர்சி என்றாள்.

"சூர்சில்" என்றார் மிசியே.

அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். மறுபடி சூர்சி.

அந்த வகுப்பில் எல்லாப் பேச்சும் ஃப்ரெஞ்சில்தான் நடக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

"புத்தகத்துல கடைசியில என்ன எழுத்து இருக்கு?"

"ல் இருக்கு மிசியே. ஆனா அதைச் சொல்ல மாட்டாங்க. எழுதறதோட சரி."

"யாரு சொல்ல மாட்டாங்க?"

"யாருமே சொல்ல மாட்டாங்க. எங்கம்மாகூட சூர்சின்னுதான் சொல்லுவாங்க."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் முப்பது தலைகளும் அவளிடமிருந்து மிசியே பக்கம் திரும்பின. அவருக்குக் காது சூடானது.

"உங்கம்மா எந்தக் காலேஜ்ல ஃப்ரெஞ்சு படிச்சாங்க?"

அவள் புத்தகத்தில் வைத்திருந்த விரலை எடுத்தாள்.

"யாரோ வீட்டு அடுப்படியில நின்னு பாத்திரம் தேய்ச்சுக் கத்துக்கிட்டது அடுப்படி ஃப்ரெஞ்சு. நாம இங்க படிக்கிறது இலக்கியம். தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து மேஜை மேல போடக்கூடாது. உக்காரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்த மகளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கும்போது வாய் தானாகப் போகுமே, அப்படி. அடுத்த நிமிஷமே நிறுத்திக்கொண்டாள். ஆனால் புதுசு அதற்குள் பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மிசியே டீயைக்கூடக் குடிக்காமல் அலமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்தார். முதல் வருஷச் சம்பளத்தில் வாங்கிய அகராதி. தெரியாத சொல்லுக்குத்தானே அகராதி பார்ப்போம். இது தெரிந்த சொல் என்பதால் இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அந்தப் பக்கத்தைத் திருப்பியதில்லை. இப்போது திருப்பினார். சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைப் போட்டிருந்தது. 'ல்' இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை.

அகராதியை மூடி இருந்த இடத்தில் வைத்தார்.  நாளைக்கு வகுப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் வகுப்பில் வேறு பாடம் வந்தது. அதற்கடுத்த நாள், இப்போது போய் அதை எதற்குக் கிளறுவது என்று தோன்றியது. ஒரு வாரம் போனதும் அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

அந்த மாசக் கடைசியில் பேச்சுத் தேர்வு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேலே இரண்டு வருஷம் அதே பிரிவில் தொடரப் பதினாறு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் சாதாரணப் பிரிவுக்குப் போகவேண்டும். எழுத்துத் தேர்வு மார்க்கோடு பேச்சு மார்க்கும் சேர்ந்துதான் பட்டியல். எழுத்தில் தடுமாறுகிற புதுசுக்குப் பேச்சுதான் கைகொடுக்கவேண்டும்.

கூட உட்காரவேண்டிய வரலாற்று டீச்சருக்குக் காய்ச்சல். மிசியே தனியாகத்தான் தேர்வு நடத்தினார். சொந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் மார்க் போடவேண்டும் என்று விதி இருந்தது. மொழிப்பாடத்துக்கு அந்தப் பள்ளியில் வேறு ஆளே இல்லை.

எல்லோருக்கும் ஒரே படம். பஸ் டிரைவர் ஒருவர் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற படம். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் அவர் முகத்தைப் பற்றிப் பேசவேண்டும். டிரைவருக்குப் புருவம் அடர்த்தியாக, நடுவில் சேர்ந்து கிடந்தது. படத்தைப் போன வருஷமே எடுத்து வைத்திருந்தார். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

புதுசு உள்ளே வந்து வணக்கம் சொல்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகப் பேசினாள். வெயிலில் கறுத்த நெற்றி, ஒரு பல் இல்லாத சிரிப்பு, காலையில் அவசரமாகச் சவரம் செய்ததால் தாடையில் விட்டுப்போன நாலு முடி, எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு விரலைப் படத்தில் அந்த இடத்தில் வைத்து நிறுத்தினாள். மிசியே பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அவள் ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுக்கு மேல இருக்கிற முடி, ரெண்டு கம்பளிப்பூச்சி பாத்துப் பேசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுடைய விதத்தில் சொன்னால் அவரைப் பொய்யாக்குவதாகும். அவருடைய விதத்தில் சொன்னால் அவள் அம்மாவைப் பொய்யாக்குவதாகும். இரண்டும் வேண்டாமென்று சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்த அந்தப் பக்குவத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்திருக்கவேண்டியது வேறு ஏதோ. வந்தது எரிச்சல்தான். தன்னைக் காப்பாற்றுகிறாளா இவள் என்கிற எரிச்சல்.

சொல்வளம் என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டார். எதிரே, 'அடிப்படைச் சொற்களே தெரியவில்லை' என்று எழுதினார். அழகான கையெழுத்து.

அவளுக்குப் பின்னால் நாலு பேர் கழித்து மகள் வந்தாள். அந்த இடம் வந்ததும் படத்தைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு, "சூர்சில்" என்றாள். கடைசி எழுத்தை நாக்கில் அழுத்தி வைத்துச் சொன்னாள். அவர் குனிந்து ஐந்துக்கு ஐந்து போட்டார்.

பட்டியல் ஒட்டிய அன்றைக்கும் மழை. மகள் நாலாவது. புதுசு பதினேழாவது. ஒரு மார்க்கில் போயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி முட்டையும் உருளைக்கிழங்கும் வதக்கி, ரொட்டியைச் சுட்டு அடுக்கியிருந்தாள். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்ன பாப்பா, நாலாவதா வந்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"நான் அந்தப் பிரிவுக்குப் போகலம்மா. சாதாரணப் பிரிவுலயே படிக்கிறேன்."

"எதுக்கு? அஞ்சு வருஷமா உருண்டு பொரண்டு படிச்சது எதுக்கு?"

"அப்பாவைக் கேளு."

மிசியே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "சிநேகிதி வரலன்னு அழுகை. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்.

"அவ ஏன் வரலன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா."

"மார்க் பத்தல."

"அந்த வார்த்தையை அவ ஏன் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தேர்வுல நடந்தது உனக்கெப்படித் தெரியும்?"

"அவ சொன்னா. அழுதுக்கிட்டுச் சொல்லல. 'மிசியேவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சுத்திச் சொன்னேன், அவர் புரிஞ்சுக்குவார்னு நெனச்சேன்'னு சொன்னா." மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "அகராதியை நீங்க எடுத்துப் பாத்தீங்கப்பா. தலைகீழா வச்சிருந்தீங்க. எடுத்து நேரா வைக்கும்போது நானும் அந்த வார்த்தையைப் பாத்தேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவளுக்கு ரெண்டு போட்டீங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் அவளைக் காட்டிக்கொடுத்துட்டு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சொல்லி அஞ்சு வாங்கினேன். அவங்கம்மாவைச் சொன்னப்ப சிரிச்சேன் வேற."

"அவங்கம்மாவை என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

 குழாயை யாரோ சரியாக மூடவில்லை, தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் சொன்னாள், அடுப்படி, பாத்திரம், தரைத்துணி எல்லாவற்றையும், ஒரு வார்த்தை விடாமல். தமிழில் கேட்கும்போது மிசியேவுக்கு அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை அசிங்கமாகவா இருந்தது என்று நினைத்தார்.

மனைவி எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் ஒருத்தருக்கு இடது கண்ணு லென்ச வலதுல போட்டுட்டேன். மறுநாள் தலைவலின்னு வந்து நின்னார். ஆமாங்க, நான்தான் மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லிக் கழட்டி மாட்டிக் கொடுத்தேன். முதலாளி முறைச்சார். அவ்வளவுதான். அந்த ஆளைப் பாத்து உனக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்லியிருந்தா நான் என்ன ஜென்மம்?"

"அது வேற, இது வேறடி" என்றார் மிசியே.

"எப்படி வேற?"

அவர் ரொட்டியை இன்னும் சின்னதாகப் பிய்த்தார்.

"எங்கம்மாவும் நாலு வீட்டுல வேலை பாத்துத்தான் என்னைப் படிக்க வச்சா. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக மிசியே தலைமை ஆசிரியை அறைக்குப் போனார். ஒரு மாணவிக்கு மார்க் மாற்றவேண்டும் என்றார். தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பட்டியல் ஒட்டியாச்சே மிசியே. என்ன காரணம்?"

"நான்… சரியா மதிப்பிடல."

"அப்படி எழுத முடியாது. ஒண்ணை மாத்தினா முப்பது பேர் வந்து நிப்பாங்க. கூட்டல்ல பிழைன்னு எழுதிக் கொடுங்க. கூட்டல் பிழை யாருக்கும் வரும். பதினேழாவதா ஒரு நாற்காலி போட்டுக்கலாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைமை ஆசிரியை அதற்குள் தாளை நீட்டிவிட்டார். மிசியே 'கூட்டலில் நேர்ந்த பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்றுகூட நினைத்தார்.

வீட்டில் மகள் கேட்டாள்: "அவங்கம்மாவைச் சொன்னது எந்தக் கூட்டல்லப்பா வரும்?"

ஞாயிற்றுக்கிழமை அவளே அவரைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு போனாள் என்றுதான் சொல்லவேண்டும். மகள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார்.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம். உள்ளே நுழைந்ததும் கண்ணாடி ஆவி பூத்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சுழலும் இயந்திரங்கள். நடுவில் சூடான பெரிய உருளை. அதன் இந்தப் பக்கம் ஈர விரிப்பை ஊட்டினால் அந்தப் பக்கம் காய்ந்து விறைப்பாக வரும். சுவரோரம் வரிசையாக இஸ்திரி மேஜைகள். ஏழெட்டுப் பெண்கள். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர், காற்றெல்லாம் பஞ்சு.

புதுசின் அம்மா மூன்றாவது மேஜையில் இருந்தாள். ஒல்லியான உடம்பு, முழங்கை வரைக்கும் சூடு பட்ட தழும்புகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் புதுசும் வந்திருந்தாள். தலையணை உறைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா அவரைப் பார்த்ததும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"வாங்க சார், வாங்க. ஏய், சாருக்கு அந்த நாற்காலியை எடுத்துப் போடு. துடைச்சுப் போடு." கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லதுங்க சார். வேற யாரா இருந்தாலும் கூட்டல் தப்புன்னு தேடி எடுத்துச் சொல்லுவாங்களா? அப்படியே விட்டிருப்பாங்க. பொண்ணுக்கு எடம் கெடைச்சிருச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள்.

மிசியே நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"இவ வகுப்புல உங்களை எதிர்த்துப் பேசினாளாமே. எடம் கெடைச்ச அப்புறமாத்தான் இவ எனக்குச் சொன்னா. வீட்டுக்கு வந்து ஒழுங்கா வாங்கிக் கட்டிக்கிட்டா. படிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க, நீ யாருடி திருத்தறதுக்குன்னு கேட்டேன். இங்க வாடி. சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

புதுசு உறைகளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க மிசியே."

"பரவாயில்ல" என்றார் அவர்.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டால் வருகிற வார்த்தை. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்தில் மகள் நிற்பதும் தெரிந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை.

"டீ சாப்பிடுங்க சார்."

"இல்லங்க, வேலை இருக்கு. வரேன்."

வெளியே வந்தார். தூறல் விட்டிருந்தது. தெரு முனை வரைக்கும் நடந்து, பஸ் நிற்கிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். மகள் வரவில்லை. சலவைக்கூடத்து வாசலில் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். கூப்பிடலாமென்று கையைத் தூக்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் என்றால் அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். இது கோபமில்லை. அப்பாவைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

ஒரு பஸ் வந்து போயிற்று. அவர் திரும்பி நடந்தார்.

புதுசின் அம்மா மறுபடி மேஜையில் இருந்தாள். அவரைப் பார்த்துப் பயந்துபோனாள். "எதாவது விட்டுட்டீங்களா சார்?"

பக்கத்து மேஜைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிசியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஃப்ரெஞ்சில் ஆரம்பித்தார். சுத்தமான, இலக்கணம் வழுவாத ஃப்ரெஞ்சு. தான் உண்மைக்கு நியாயம் செய்யவில்லை என்றும், தங்கள் மகளின் உச்சரிப்பே ஏற்கத்தக்கது என்றும்.

அவள் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தமிழ்லயே சொல்லுங்க சார். இவங்களுக்குப் புரியக்கூடாதுன்னுதான் ஃப்ரெஞ்சுல சொல்றீங்களா?"

அதற்காகத்தான் என்று அவருக்கே அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"கூட்டல் தப்பு இல்லம்மா" என்றார். "கூட்டல் சரியாத்தான் இருந்துச்சு. உங்க பொண்ணு சொன்ன வார்த்தை சரி. நான்தான் பதினெட்டு வருஷமாத் தப்பாச் சொல்லிட்டிருக்கேன். அன்னைக்கே அகராதி பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சே அவளுக்கு மார்க்கைக் குறைச்சேன். அப்புறம் உங்களைப் பத்தி வகுப்புல ஒரு வார்த்தை சொன்னேன்."

"என்னைப் பத்தியா?"

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. எதிர்த்துப் பேசியதை மட்டும் சொல்லி, திட்டையும் வாங்கிக்கொண்டு, இதை மறைத்துவிட்டிருக்கிறாள்.

இப்போது அவரேதான் சொல்லவேண்டும். சொன்னார். அடுப்படி ஃப்ரெஞ்சு என்று சொன்னார், தரைத்துணி என்று சொன்னார். உருளை இரைச்சலில் குரல் அமுங்கியதால் ஒரு தரம் சத்தமாகத் திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. பெண்களில் ஒருத்தி "அட ச்சை" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிக்கொண்டாள்.

 புதுசின் அம்மா ஒரு விரிப்பை எடுத்து மேஜையில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். தேய்க்கவில்லை.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார். அந்த பாஷையிலயும் தெரியாது, இந்த பாஷையிலயும் தெரியாது" என்றாள். "அங்க ஒரு கெழவி வீட்ல ஏழு வருஷம் இருந்தேன். அதுக்குக் கையி நடுங்கும். தெனம் காலையில நான்தான் அதுக்குப் புருவம் வரைஞ்சு விடுவேன். சூர்சி, சூர்சின்னு அது சொல்லச் சொல்ல வரைவேன். அப்படி வந்த வார்த்தை. நீங்க தப்புன்னு சொன்னீங்கன்னு இவ வந்து சொன்னதும், படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்தக் கெழவிக்குப் பல்லு இல்ல, அதனால எழுத்தை முழுங்கியிருக்கும்னு நெனச்சேன். இத்தனை வருஷமாத் தப்பாப் பேசிட்டு அலைஞ்சிருக்கோமேன்னு வெக்கமாப் போச்சு. ரெண்டு நாளா இஸ்திரி போடும்போது சூர்சில், சூர்சில்னு சொல்லிப் பழகினேன். நாக்கு வரல. இவளையும் அப்படித்தான் சொல்லணும்னு அடிச்சேன்."

மிசியே நின்றுகொண்டிருந்தார். அந்த நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதில் உட்கார அவருக்குத் தைரியமில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"என்கிட்ட சொன்னீங்க, சரி" என்றாள் அவள். "நீங்க என்னைச் சொன்னது இங்க இல்லையே. வகுப்புல எல்லாப் புள்ளைங்களும் இருக்கும்போது சொன்னீங்க. அங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"ரெண்டையும் சொல்லணும். வார்த்தையை மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க."

"நாளைக்கே சொல்லிடறேன்."

அவள் இஸ்திரிப்பெட்டியை எடுத்து ஈர விரல் நுனியால் சூடு பார்த்தாள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் சொன்னார். வார்த்தையைச் சொல்வது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது; பலகையில் எழுதி, கடைசி எழுத்தின்மேல் கோடு போட்டுக் காட்டிவிட்டார். இரண்டாவது விஷயத்துக்கு வந்ததும் சாக்பீஸ் கையில் ஒடிந்தது. இருந்தாலும் சொன்னார். தான் பேசிய வார்த்தைகளையே திரும்பச் சொல்லி, அது தப்பு, அதைவிடக் கேவலமாக ஒரு வாத்தியார் பேச முடியாது என்றார். அவர் முடித்ததும் மகள் எழுந்து நின்று, "அன்னைக்கு நான் சிரிச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

 பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான்.

"அப்ப வேற எதெல்லாம் தப்பு மிசியே?"

"தெரியல" என்றார்.

அன்றே தலைமை ஆசிரியையிடம் போய்க் கூட்டல் பிழை என்று எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நடந்ததை எழுதிக் கொடுத்தார். ஆசிரியை அதை இரண்டு தரம் படித்தார். புதுசின் இடத்தைத் தொடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மிசியே பேச்சுத் தேர்வு நடத்தவேண்டாம் என்றும், வெளியிலிருந்து ஆள் வருவார் என்றும் கடிதம் வந்தது. மிசியே அதை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். மனைவி கேட்டபோது எடுத்துக் காட்டினார். அவள் படித்துவிட்டு, "இதுவாவது வந்துச்சே" என்றாள். அவர் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

மேல் வகுப்பில் பதினேழு பேர், மகளும் புதுசும் சேர்த்து. பிள்ளைகளுக்கு இப்போது மிசியேவைத் திருத்துவது ஒரு விளையாட்டாகிவிட்டது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் பருவம் முடிவதற்குள் பதினொரு சொல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றையும் அவர் நன்றி சொல்லி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மகளே மூன்று கண்டுபிடித்தாள். அவளும் புதுசும் மறுபடி ஒரே பஸ்ஸில் வந்தார்கள். முன்னைப் போல ஒரே சீட்டில் உட்கார்வதற்கு மட்டும் சில மாசம் பிடித்தது.

புதுசு எழுத்திலும் தேறிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், வாசிக்கச் சொன்னால் வாசிப்பாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தரம்கூட மிசியேவைத் திருத்தவில்லை. அந்த வகுப்பில் அவர் தப்பு யாருக்கு முதலில் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் அவர் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தார். அகராதி வைத்திருந்த யாருக்கும் அது பிடிபடவில்லை. ஜன்னலோரத்தில் அவள் பேனா மட்டும் ஒரு நொடி நின்றது. கேட்டிருக்கிறாள். மிசியே பலகைக்குப் பக்கத்தில் சாக்பீசோடு காத்திருந்தார். அவள் தலை நிமிரவில்லை. நோட்டில் அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.